பனையும் சர்க்கரைத் தொழில்தான்

(இராமநாதபுரத்தில் பனைத் தொழிலாளர்களும் மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



‘இந்தியச் சர்க்கரைத் தொழில்: சிக்கல்களும் வழிகளும்’ என்று தலைப்புக் கொடுத்து என்னை அழைத்தீர்கள். படித்ததும் கொஞ்சம் திகைப்பாக இருந்தது. நம் மாவட்டத்தில் சர்க்கரை ஆலை ஒன்றுகூடக் கிடையாது. ஆலையைப் பார்க்க வேண்டுமென்றால் சிவகங்கைப் பக்கம் படமாத்தூருக்குப் போக வேண்டும். இல்லையென்றால் மதுரையைத் தாண்டி அலங்காநல்லூருக்குப் போய், அரவை நின்று கிடக்கும் கூட்டுறவு ஆலையைப் பார்த்துவிட்டு வர வேண்டும். ஆலையே இல்லாத சீமையில் சர்க்கரைத் தொழிலைப் பற்றி என்ன பேசுவது?

இந்த யோசனையோடு போன மாசி மாதம் சாயல்குடியிலிருந்து கடலோரமாகவே வந்தேன். நரிப்பையூர், மாரியூர், ஒப்பிலான், வாலிநோக்கம், பெரியபட்டினம், உச்சிப்புளி, மண்டபம், பாம்பன் பாலம் தாண்டித் தங்கச்சிமடம். வழி நெடுகப் பனை. மரத்தடியில் பதநீர் காய்ச்சும் விடிலி. விடிலிக்குள்ளிருந்து புகை. புகையோடு சேர்ந்து வரும் அந்தப் பாகு வாசம் உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? ஆலை இல்லாத சீமை என்று நினைத்தது எவ்வளவு பெரிய பிழை என்று அன்றைக்குத்தான் உறைத்தது. நம் கரையில் இருப்பதும் சர்க்கரைத் தொழில்தான். நாடு அதை அந்தக் கணக்கில் எழுதவில்லை, அவ்வளவுதான். இன்று நான் சொல்ல வந்த சேதி இதுதான். டெல்லியில் கரும்புச் சர்க்கரைக்கு எடுக்கும் ஒவ்வொரு முடிவும் நம் விடிலி அடுப்பு வரைக்கும் வந்து சேர்கிறது. அந்த முடிவுகளில் நமக்கு மட்டும் இடமில்லை.

முதலில் கரும்பின் கதை. இராமேசுவரம் தீவில் பேக்கரும்பு என்று ஓர் இடம்.  அந்தப் பெயரைக் கேட்டதும் நினைவுக்கு வருவது பேய்க்கரும்பு; நாணல் இனத்தைச் சேர்ந்த காட்டுக்கரும்பைத் தமிழில் அப்படித்தான் சொல்வார்கள். அந்தக் காட்டு இனத்துக்கும் இந்தியச் சர்க்கரைத் தொழிலுக்கும் நெருங்கிய உறவு உண்டு. 1912-இல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கினார்கள். பார்பர் என்ற ஆங்கிலேய அறிஞரும், அவரோடு பணியாற்றிய தி. சா. வெங்கட்ராமன் என்ற நம் நாட்டு அறிஞரும் சாறு நிறைந்த தடிக்கரும்பை, வறட்சியையும் நோயையும் தாங்கும் காட்டுக்கரும்போடு ஒட்டுச் சேர்த்தார்கள். 1918-இல் ‘கோ 205’ வந்தது. வட இந்தியச் சமவெளியின் கரும்புச் சாகுபடியையே அது மாற்றியது. 1932-இல் வெளிநாட்டுச் சர்க்கரைக்கு வரி போட்டு உள்நாட்டு ஆலைகளுக்குப் பாதுகாப்புக் கொடுத்தார்கள். முப்பதை ஒட்டியிருந்த ஆலைகளின் எண்ணிக்கை சில ஆண்டுகளிலேயே நூறைத் தாண்டியது.

இன்று நாடு முழுக்க 500-க்கு மேற்பட்ட ஆலைகள் ஓடுகின்றன. விவசாயிகளும் அவர்களை நம்பியிருக்கும் குடும்பத்தாருமாக ஏறத்தாழ 5 கோடிப் பேர் கரும்பை நம்பிப் பிழைக்கிறார்கள். 2021-22 பருவத்தில் பிரேசிலையே முந்தி, உலகத்திலேயே அதிகமாகச் சர்க்கரை உற்பத்தி செய்த நாடாக இந்தியா நின்றது. அந்தப் பருவத்தில் மட்டும் 100 லட்சம் டன்னுக்கு மேல் ஏற்றுமதி ஆனது.

இவ்வளவு பெரிய தொழிலுக்கு என்ன சிக்கல்? முதல் சிக்கல், ஆலைக்குள் வரும் கரும்பின் விலைக்கும் வெளியே போகும் சர்க்கரையின் விலைக்கும் உள்ள இழுபறி. கரும்புக்கு நியாயமான, லாபகரமான விலை என்று மத்திய அரசு ஒன்றை அறிவிக்கிறது. 2018-19-இல் குவிண்டாலுக்கு 275 ரூபாய். 2025-26 பருவத்துக்கு 355 ரூபாய். ஆலை விற்கும் சர்க்கரைக்கு 2018-இல் கிலோவுக்கு 29 ரூபாய் என்று குறைந்தபட்ச விலை வைத்தார்கள். 2019 பிப்ரவரியில் அதை 31 ஆக்கினார்கள். அதற்குப் பிறகு ஆறு ஆண்டுகளுக்கு மேல் அது அந்த இடத்திலேயே நின்றது. கரும்பு விலை ஏற ஏற, ஆலைக்காரர் விவசாயிக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை நிலுவையில் போடுகிறார். 14 நாளைக்குள் பணம் தர வேண்டும், தவறினால் 15 சதவீத வட்டி என்று 1966-ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது. ஆணை புத்தகத்தில் இருக்கிறது. நிலுவைப் பணத்துக்காக விவசாயி தெருவில் உட்கார்ந்திருக்கிறார்.

இரண்டாவது, எத்தனால். கரும்பிலிருந்து எரிசாராயம் எடுத்துப் பெட்ரோலில் கலந்தால் ஆலைக்கும் வருமானம், நாட்டுக்கும் அந்நியச் செலாவணி மிச்சம் என்றார்கள். 20 சதவீதக் கலப்பை 2030-க்குள் எட்டலாம் என்று நினைத்த இலக்கை 2025-க்கே முன்னுக்குக் கொண்டுவந்து, எட்டியும் விட்டார்கள். ஆனால் 2023-இல் மழை பொய்த்து, சர்க்கரைக்குத் தட்டுப்பாடு வரும் என்ற பயம் எழுந்ததும், அந்த ஆண்டு டிசம்பரில் கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் எடுக்கக் கூடாதென்று திடீரென்று கடிவாளம் போட்டார்கள். ஏற்றுமதிக்கும் அதே கதைதான். கடன் வாங்கி எத்தனால் எந்திரம் பூட்டியவர்கள் கையைப் பிசைந்தார்கள். இன்றைக்கு எத்தனாலுக்குப் போகும் பொருளில் மக்காச்சோளம் கரும்பை முந்திவிட்டது.

மூன்றாவது, தண்ணீர். ஒரு கிலோ சர்க்கரைக்குப் பின்னால் 1,500 முதல் 2,000 லிட்டர் தண்ணீர் இருக்கிறது என்று கணக்குச் சொல்கிறார்கள். தமிழ்நாடு பட்ட பாடு இதற்குச் சாட்சி. ஏக்கருக்கு இத்தனை டன் கரும்பு என்ற கணக்கில் நம் விவசாயி நாட்டிலேயே முன்வரிசைக்காரர். 2011-12-இல் நம் ஆலைகள் 20 லட்சம் டன்னுக்கு மேல் சர்க்கரை எடுத்தன. அதற்குப் பின் வந்த வறட்சியிலும், நிலுவையால் மனம் நொந்து விவசாயிகள் வேறு பயிருக்கு மாறியதிலும், அதில் பாதியை எட்டவே தவிக்கும் நிலை வந்தது. கரும்பு வரத்து இல்லாமல் ஆலைகள் மூடின. அலங்காநல்லூர் ஆலையைத் திறக்கச் சொல்லி விவசாயிகள் எத்தனை முறை போராடினார்கள் என்பது மதுரைக்காரர்களுக்குத் தெரியும்.

கரும்பு விவசாயியின் கஷ்டத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர் விளைவிப்பதற்கு ஒரு விலை அறிவிப்பு உண்டு. பணம் வர வேண்டிய நாள் இன்னது என்று ஓர் ஆணை உண்டு. நூறு வருடத்துக்கு மேற்பட்ட ஓர் ஆராய்ச்சி நிலையம் உண்டு. வங்கி, காப்பீடு, சட்டமன்றக் கேள்வி, பாராளுமன்ற விவாதம் எல்லாம் உண்டு. அநீதி நடந்தால் எந்த அலுவலகத்தின் வாசலில் போய் உட்காருவது என்றாவது அவருக்குத் தெரியும். நம் பனையேறி எந்த வாசலில் போய் உட்காருவார்?

கடலோரமாக வந்த அன்றைக்கு ஒரு விடிலியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பார்த்ததைச் சொல்கிறேன். உங்களில் பாதிப் பேருக்கு இது வீட்டுக் கதை. மீதிப் பேருக்காகச் சொல்கிறேன்.

விடியுமுன்பே மரம் ஏறி முடித்திருந்தார் அந்த வீட்டுக்காரர். இடுப்பில் அரிவாள் பெட்டி, கையில் பாளை அரிவாள், காலில் தளைநார். நெஞ்சில் மரம் உரசி உரசித் தோல் காய்த்துப் போயிருந்தது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவித் தொங்கவிட்டால்தான் இரவெல்லாம் சொட்டுவது பதநீராக இருக்கும்; இல்லையென்றால் புளித்துக் கள்ளாகிவிடும். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை ஏறிப் பாளையை மெல்லிசாகச் சீவிவிட வேண்டும். ஒரு நாள் சீவாமல் விட்டால் பாளை அடைத்துக்கொள்ளும். காய்ச்சல், கல்யாணம், சாவு எதற்கும் பாளை காத்திருக்காது.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். முப்பது மரம். மரம் நாற்பதடி என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். நாளைக்கு இரண்டு ஏற்றம். மொத்தம் 2,400 அடி. இராமேசுவரம் கோயிலின் கிழக்குக் கோபுரம் 126 அடி என்கிறார்கள். அந்தக் கோபுரத்தின் உச்சிக்குப் படியில்லாமல், பிடிகயிறில்லாமல், ஒரே நாளில் பத்தொன்பது முறை ஏறி இறங்குவதற்குச் சமம் இது. தை, மாசியில் தொடங்கி ஆனி, ஆடி வரைக்கும் தினமும்.

இறக்கிய பதநீர் அந்த வீட்டு அம்மாவின் பொறுப்பு. அன்றைக்கே காய்ச்சியாக வேண்டும். பெரிய தாச்சியில் ஊற்றி, ஓலையும் மட்டையும் உடைமுள்ளும் போட்டு எரிக்கிறார். பொங்கி வழியாமலிருக்க ஆமணக்கு முத்தை நசுக்கிப் போடுகிறார். எண்ணெய் பட்டதும் நுரை அடங்குகிறது. தண்ணீர் சுண்டச் சுண்ட நிறம் மாறுகிறது. முதலில் கூப்பனி, அப்புறம் பாகு. ஒரு சொட்டு எடுத்துக் கிண்ணத்துத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்த்தார். உருண்டது. “இப்ப இறக்கலேன்னா கல்லாப் போயிரும் தம்பி” என்று தாச்சியை இறக்கி, துடுப்பால் கிண்டி, ஈர மணலில் வரிசையாகப் பதித்து வைத்திருந்த சிரட்டைகளில் ஊற்றினார். ஏழெட்டு லிட்டர் பதநீர் சுண்டினால் ஒரு கிலோ கருப்பட்டி. முப்பது மரத்தில் நாளைக்கு 60 லிட்டர் இறங்கினால்கூட, இரண்டு பேர் உழைப்புக்கு ஏழெட்டுக் கிலோதான் மிஞ்சும். அதிலும் மரம் பாட்டத்துக்கு எடுத்ததாக இருந்தால் மரக்காரருக்குப் பங்கு போகும்.

“விலை எப்படிம்மா?” என்று கேட்டேன். “வெலைய நாங்களா சொல்லுறோம்? பஞ்சக் காலத்துல யேவாரிகிட்ட முன்பணம் வாங்கியிருக்கோம். அவுக சொல்லுறதுதான் வெலை” என்றார். அவருக்குப் பஞ்சக் காலம் என்றால் நாட்டில் பஞ்சம் வந்த காலம் இல்லை. ஆவணி முதல் மார்கழி வரைக்கும் பாளை வராத மாதங்கள், அவ்வளவுதான். ஐந்து மாதத்துச் சோற்றுக்கு வாங்கிய கடன், ஏழு மாதத்து உழைப்பின் விலையைத் தீர்மானிக்கிறது. கரும்பு விவசாயிக்கு ஆலை கடன்பட்டிருக்கிறது. இங்கே பனையேறி வியாபாரிக்குக் கடன்பட்டிருக்கிறார்.

இதற்கு மேலே இன்னொன்று இருக்கிறது. கரும்பும் பனையும் நேருக்கு நேர் மோதும் இடம் அது. கடையில் ஜீனி கிலோ நாற்பது, நாற்பத்தைந்து ரூபாய். நல்ல கருப்பட்டி முந்நூறுக்கு மேல். இந்த இடைவெளியைப் பார்த்ததும் ஒரு கூட்டம் கிளம்பிவிட்டது. பேருக்குக் கொஞ்சம் கூப்பனி, அதில் மூட்டை மூட்டையாக ஜீனி, நிறத்துக்கு ஏதோ ஒன்று. சிரட்டையில் ஊற்றி எடுத்தால் பார்வைக்கு அதே கருப்பட்டி. விலை பாதி. உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் அங்கங்கே பிடித்து அழிக்கிறார்கள். அடுத்த பருவத்தில் வேறிடத்தில் அடுப்பு எரிகிறது. சந்தையில் போலி நூற்றைம்பதுக்குக் கிடைக்கும்போது, நெஞ்சு காய்க்க ஏறி இறக்கிய சரக்கை முந்நூறு சொல்லி யாரிடம் விற்பது? வாங்குகிறவரும் நாலு முறை ஏமாந்த பிறகு நல்ல சரக்கையும் நம்புவதில்லை.

நாட்டு மக்களுக்குச் சர்க்கரை மலிவாகக் கிடைக்க வேண்டும் என்று டெல்லி நினைக்கிறது. அதில் தவறில்லை. ஆனால் அந்த மலிவுச் சர்க்கரை இங்கே வந்து இன்னொரு சர்க்கரையின் வேஷம் போடுவதைத் தடுக்கும் பொறுப்பும் அதே அரசுக்கு உண்டு. கரும்பைக் காக்கும் கொள்கை பனையைக் கொல்லும் கொள்கையாகக் கூடாது.

பனையையும் கரும்பையும் ஒரே தராசில் வைத்துப் பார்த்த ஒரு பெரிய மனிதர் நம் பக்கத்தில்தான் வாழ்ந்தார். தஞ்சாவூரில் பிறந்து, மேல்நாட்டில் படித்து, கணக்காயராக இருந்து, காந்தியடிகளோடு சேர்ந்தவர் ஜே. சி. குமரப்பா. 1934-இல் காந்தியடிகள் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தின் செயலாளர். கடைசிக் காலத்தை தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் கழித்து, 1960 ஜனவரி 30 அன்று, காந்தியடிகள் மறைந்த அதே தேதியில் மறைந்தார். அவர் சொன்ன பொருளாதாரம் குழந்தைக்கும் விளங்கும். நல்ல நிலத்திலும் நல்ல தண்ணீரிலும் கரும்பை வைத்தால், அந்த நிலத்தில் விளைந்திருக்க வேண்டிய தானியம் போய்விடுகிறது. பனையோ வேறெதுவும் விளையாத மண்ணில் தானாக நிற்கிறது. ஆகவே இனிப்பைப் பனையிலிருந்து எடுங்கள். நல்ல நிலத்தை உணவுக்கு விடுங்கள் என்றார்.

நாடு அவர் பேச்சைக் கேட்கவில்லை. இன்றைக்கு நாடு தின்னும் சர்க்கரை முழுவதையும் பனையிலிருந்து எடுக்க முடியாது. அப்படிச் சொன்னால் அது ஏமாற்று. ஆனால் தண்ணீர் வற்றி, கரும்பு மாநிலங்களே திணறும் இந்தக் காலத்தில், ஒரு சொட்டுப் பாசனம் கேட்காத ஒரு சர்க்கரை மரம் தமிழ்நாட்டில் சுமார் 5 கோடி நிற்கிறது என்பதை மறப்பது அறிவுடைமை ஆகுமா? வானம் பார்த்த கண்மாய்ச் சீமை நம்முடையது. கடல் காற்றும் உப்பும் மணலும் பிற பயிரை விரட்டும் இடத்தில் பனை நிற்கிறது. 2018 கஜா புயலில் டெல்டாவில் தென்னந்தோப்புகள் தோப்போடு சாய்ந்ததைப் பார்த்தோம். பனை நின்றது.

கொஞ்சம் கடலுக்கு அந்தப் பக்கமும் பார்ப்போம். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் முப்பது கிலோமீட்டர்தான் இருக்கும். இலங்கை தான் தின்னும் சர்க்கரையில் பெரும்பகுதியை, பத்தில் ஒன்பது பங்கு வரைக்கும், வெளியிலிருந்து வாங்குகிறது. கந்தளாயில் அரசு கட்டிய ஆலை பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கிறது. பெல்வத்தை, செவனகல ஆலைகளை 2011-இல் தனிச் சட்டம் போட்டு அரசே எடுத்துக்கொண்டது. 2020 அக்டோபரில் இறக்குமதிச் சர்க்கரையின் வரியைக் கிலோவுக்கு 50 ரூபாயிலிருந்து 25 சதத்துக்கு ஒரே இரவில் இறக்கினார்கள். அதன் பலன் மக்களுக்கு வந்து சேரவில்லை என்று பெரிய சர்ச்சை ஆனது. இவ்வளவுக்கும் நடுவில், யாழ்ப்பாணத்துப் பனைக்கென்று 1978-இலிருந்தே அங்கே பனை அபிவிருத்திச் சபை இருக்கிறது. போரில் இலட்சக்கணக்கான பனைகளை இழந்த மண் அது. அங்கேயும் பனையைப் பனைக்காரர் விவகாரம் என்று தனியாக வைத்தார்களே ஒழிய, நாட்டின் சர்க்கரைக் கணக்கில் சேர்க்கவில்லை.

சேர்த்து ஜெயித்தவர்கள் யார்? கம்போடியாவைப் பாருங்கள். கம்போங் ஸ்பூ என்ற மாகாணத்தில் இருப்பதும் நம் பனைதான், வேறு மரம் இல்லை. அங்கே உற்பத்தியாளர்கள் சங்கமாகக் கூடி, எப்படி இறக்க வேண்டும், எப்படிக் காய்ச்ச வேண்டும், ஈரப்பதம் எவ்வளவு இருக்கலாம் என்று விதி எழுதி, 2010-இல் தங்கள் பனஞ்சர்க்கரைக்குப் புவிசார் குறியீடு வாங்கினார்கள். 2019-இல் ஐரோப்பிய ஒன்றியமும் அந்தப் பெயரை ஏற்றது. போரிலும் பஞ்சத்திலும் நொறுங்கிப் போன ஒரு நாடு, பனையைத் தன் கௌரவமாக நிமிர்த்திக் காட்டியிருக்கிறது.

அப்படியானால் நாம் என்ன செய்யலாம்? என் மனதில் பட்ட ஐந்தைச் சொல்கிறேன்.

முதலாவது, சோதனை. கருப்பட்டியில் கலந்த ஜீனியை நாக்கால் கண்டுபிடிப்பது நாளுக்கு நாள் கடினமாகிறது. இரண்டிலும் பெரும்பகுதி ஒரே சுக்ரோஸ்தான். சாதாரணச் சோதனையில் பிடிபடாது. ஆனால் கரும்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்துக்கொள்ளும் முறை வேறு, பனை எடுத்துக்கொள்ளும் முறை வேறு. அதனால் இரண்டு சர்க்கரையிலும் உள்ள கார்பன் ஐசோடோப்புகளின் விகிதமும் வேறு. தேனில் கரும்புச் சர்க்கரை கலந்திருக்கிறதா என்று உலகம் முழுக்க இந்த வழியில்தான் பார்க்கிறார்கள். அதையே கருப்பட்டிக்கும் சட்டப்படியான சோதனையாக்க வேண்டும். மொத்த வியாபாரச் சரக்கில் தொகுதிக்கு ஒரு மாதிரி எடுத்தாலே போதும், பயம் வந்துவிடும். ஜீனி கலந்த சரக்கை விற்பதே கூடாது என்றுகூட நான் கேட்கவில்லை. அதற்குக் கருப்பட்டி என்ற பெயரைக் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான் கேட்கிறேன்.

இரண்டாவது, பஞ்சக் காலத்துக் கடன். ஆவணியில் கையில் காசு இருந்தால் மாசியில் விலை பேச வாய் வரும். கூட்டுறவுச் சங்கம் பயிர்க்கடன் கொடுப்பதைப் போலப் பாளைக்கடன் கொடுக்கட்டும். சரக்கைத் தானே எடுத்துக்கொள்ளட்டும். கரும்புக்கு இருப்பதைப் போல அறிவித்த விலையும் 14 நாள் கெடுவும் இதற்கும் வேண்டும். கருப்பட்டிக்கு இன்னொரு சங்கடம் உண்டு. ஐப்பசி, கார்த்திகை ஈரக் காற்றில் அது கசியும். வீட்டில் அடுப்புக்கு மேலே பரணில் புகை படும்படி வைத்துத்தான் காப்பாற்றுவார்கள். அதற்கு இடமில்லாதவர்கள் பருவத்திலேயே அடிவிலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். சாயல்குடியிலும் உச்சிப்புளியிலும் ஈரம் புகாத கிடங்கு இரண்டு கட்டினால், விலை ஏறும் மாதங்களின் லாபம் உழைத்தவர் கைக்கே போகும்.

மூன்றாவது, மரம் ஏறுகிறவர். இங்கே முன்வரிசையில் இருப்பவர்களைப் பாருங்கள். நாற்பதுக்குக் கீழே எத்தனை பேர்? மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு போனவரைப் பற்றித் தெரியாத ஒரு பனையேறி கிராமம் உண்டா? காப்பீடு பருவம் தொடங்கும் முன்பே கைக்கு வர வேண்டும். விழுந்த பிறகு காகிதம் தேடி அலையக் கூடாது. ஏறும் கருவிகளை நம் மரத்தில், நம் ஆட்களோடு சோதித்துத் திருத்த வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வேளாண் பல்கலைக்கழகம் ஒரு பனை இரகத்தை வெளியிட்டிருக்கிறது. கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியில் பனை ஆராய்ச்சி நடக்கிறது. இந்த வேலைக்குக் கரும்புக்குக் கிடைத்த ஆளும் பணமும் கிடைக்க வேண்டும். கரும்புக்கு 1912-இல் ஒரு கோயம்புத்தூர் கிடைத்தது. பனை இன்னும் தன் கோயம்புத்தூருக்குக் காத்திருக்கிறது. பதநீர் இறக்குகிறவரைக் கள் இறக்குகிறவர் என்று சந்தேகப்பட்டு விரட்டும் வழக்கமும் நிற்க வேண்டும். சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் காட்டுபவரிடம் ஒரு வணக்கம் சொல்லிவிட்டுப் போவதுதான் முறை.

நான்காவது, மரம். 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் பனை மேம்பாட்டு இயக்கம் அறிவித்தார்கள். 30 மாவட்டங்களில் 76 லட்சம் பனை விதை, ஒரு லட்சம் கன்று, 3 கோடி ரூபாய். பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்றார்கள். நியாய விலைக் கடையில் கருப்பட்டி விற்கலாம் என்றும் சொன்னார்கள். நல்ல அறிவிப்பு. ஆனால் பனை விதை முளைத்துப் பாளை விட பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் செங்கல் சூளைக்கும் வீட்டுமனைக்கும் போகும் மரங்களை யார் எண்ணுவது? ஊராட்சிதோறும் பனைக் கணக்கேடு ஒன்று வேண்டும். இன்ன கண்மாய்க் கரையில் இத்தனை மரம், இத்தனை ஆண், இத்தனை பெண், இத்தனை ஏறுபனை என்று எழுதி வைத்தால்தான் வெட்டியது தெரியும். இங்கிருக்கும் கல்லூரி மாணவர்கள் ஒரு கோடை விடுமுறையில் செய்துவிடலாம்.

ஐந்தாவது, பெயர். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு வந்தது. உடன்குடிக் கருப்பட்டியும் அந்தக் குறியீட்டைப் பெற்றிருக்கிறது. இராமநாதபுரம் கடற்கரைக் கருப்பட்டியும் தன் மண்ணின் பெயரோடு வெளியே போக வேண்டும். இதற்கான சந்தை வாசலிலேயே நிற்கிறது. இராமேசுவரத்துக்கு நாடெங்கிலுமிருந்து யாத்திரீகர்கள் வருகிறார்கள். சங்கும் ஓலைப்பெட்டியும் வாங்கிப் போகிறார்கள். அந்த ஓலைப்பெட்டிக்குள் தங்கச்சிமடத்துக் கருப்பட்டியை வைத்து, காய்ச்சியவர் ஊரும் மாதமும் எழுதிக் கொடுத்தால், காசி வரைக்கும் நம் பெயர் போகும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். கருப்பட்டியை மருந்து என்று விற்காதீர்கள். அதில் ஜீனியில் இல்லாத தாதுக்கள் கொஞ்சம் உண்டு. மணமும் ருசியும் தனி. ஆனாலும் அது சர்க்கரைதான். நீரிழிவு உள்ளவர்களிடம் அளவில்லாமல் சாப்பிடலாம் என்று சொல்வது பாவம். உண்மையைச் சொல்லி விற்கும் சரக்குக்குத்தான் நாளைக்கும் வாடிக்கை இருக்கும்.

பெரிய ஆலைகளோடு டன் கணக்கில் போட்டி போடும் ஆசை நமக்கு வேண்டாம். கரும்புக்கு இணையாக நாம் கேட்பது கணக்கில் ஒரு வரி. சர்க்கரைத் தொழில் என்று அரசு எழுதும் ஏட்டில், கரும்பு விவசாயி, ஆலைத் தொழிலாளி என்ற வரிகளுக்குக் கீழே பனையேறி என்று ஒரு வரி, விடிலியில் காய்ச்சும் பெண் என்று ஒரு வரி. அந்த வரி இருந்தால் விலையும் கடனும் காப்பீடும் சோதனையும் அதன் பின்னால் வரும். வரி இல்லாதவரை கேட்பதெல்லாம் தர்மம் கேட்பதாகவே இருக்கும்.

அந்த விடிலியிலிருந்து கிளம்பும்போது அம்மா இரண்டு சிரட்டைக் கருப்பட்டியை ஓலையில் பொதிந்து கொடுத்தார். காசை வாங்க மறுத்தார். கையில் திணித்துவிட்டு வந்தேன். வீட்டில் வந்து பிரித்தபோது ஒன்றின் அடியில் மணல் துணுக்கு ஒட்டியிருந்தது. சிரட்டை பதித்த அந்த ஈர மணல். நீங்கள் இந்த வாரம் கடையில் கருப்பட்டி வாங்கும்போது, இது எந்த ஊரில், யார் விடிலியில் காய்ச்சியது என்று ஒரு கேள்வி கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் தேடிச் சொல்வார். நூறு பேர் கேட்டால் வியாபாரி எழுதி ஒட்டுவார். அடுத்த தையில் பாளை விடுவதற்குள் அந்தக் கேள்வி இந்தக் கரை முழுக்கக் கேட்க வேண்டும்.